தனுஷ்கோடி அண்ணாச்சியின் சித்த சுவாதீனம்

ஆவணி மாதம் ஏழாம் தேதி, சனிக்கிழமை காலை, சிவகாசியில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு:

மின்விசிறிக்கு நேர் கீழே, அண்ணாச்சி வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியில், மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் கண்ணுச்சாமி. அவருக்கு வலது கைப்பக்கம் சோபாவில் மூத்த மகன் சரவணக்குமார். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையை நடத்துகிறவர். அதே சோபாவின் மறு கோடியில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, இளைய மகன் ஹரிபிரசாத். காலண்டர் அச்சகம் அவர் பொறுப்பு. அடுப்படி வாசலில், நிலையில் சாய்ந்தபடி, மகள் கற்பகவல்லி. அவருக்கு நாற்காலி போடவில்லை. போட்டால் அவரும் கூட்டத்தில் சேர்ந்தவராகிவிடுவார். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், எண்பத்திரண்டு வயதுத் தனுஷ்கோடி அண்ணாச்சி. கூட்டமே அவரைப் பற்றியது என்பதால் அவர் ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்று முடிவாகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் தாளும் பேனாவுமாக நான், பெத்தணன்; அச்சகத்தில் கடிதப் போக்குவரத்து பார்ப்பவன். நடப்பதை நடந்தபடி எழுத வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை.

பொருள் இதுதான். ஆடி மாதம் அண்ணாச்சி ஓர் உயில் எழுதி, பதிவும் செய்துவிட்டார். ஆலை மூத்தவனுக்கு. அச்சகம் இளையவனுக்கு. வீடு மகளுக்கு. ஆலையும் அச்சகமும் நல்ல புத்தியோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் மகன்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மூன்றாவது வரிக்கு வரும்போது மட்டும் அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பது அவர்கள் கட்சி.

வீடு கடைவீதியை ஒட்டிய தெருவில், கார் திரும்ப வசதியான முக்கில் இருக்கிறது. அதை இடித்துவிட்டுக் கீழே பட்டாசு ஷோரூம், மேலே லாட்ஜ் என்று இன்ஜினியரிடம் பிளான் போட்டு வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பியைப் பேச வைத்த பெருமை அந்தப் பிளானுக்கு உண்டு. அதில் கற்பகவல்லிக்கு என்று லிப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் குறித்திருந்தது. அறைக்கு ஜன்னல் குறித்திருக்கவில்லை.

கற்பகவல்லி கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் இறந்து, கொழுந்தன்மார் கடையை எடுத்துக்கொண்ட பிறகு இங்கே வந்தார். அப்பாவுக்குக் கஞ்சி, மாத்திரை, வெந்நீர் என்று எல்லாம் அவர் கைதான். அண்ணன்மார் இருவரும் தங்கையைத் தாராள மனதோடு தங்க விட்டிருந்தார்கள். சமையலுக்கும் நர்சுக்கும் தனித்தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை. இந்த வீடு போனால் அந்த அம்மாளுக்கு வேறு கூரை இல்லை. இதைத் தெரிந்துகொண்டே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

தகப்பனார் உயிரோடு இருக்கையில் உயிலை ஒன்றும் செய்ய முடியாது என்று மகன்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எழுதிய சமயத்தில் சித்த சுவாதீனம் இல்லை என்று டாக்டர் சர்டிபிகேட் ஒன்று கையில் இருந்தால், பிற்காலத்தில் கோர்ட்டில் அந்த உயிலை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்பதும் யோசனை. அதற்குத்தான் டாக்டர் கண்ணுச்சாமி. அவர் சரவணக்குமாரின் மனைவி பாண்டிமீனாவுக்கு உடன்பிறந்த அண்ணன். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். மனநல டாக்டர்கள் இருவரைக் கேட்டுப் பார்த்தார்களாம். சொன்னபடி எழுதித்தர அவர்கள் ஒத்துவரவில்லை. நினைவு போவதும் வருவதும் சம்பந்தப்பட்ட தொழில்தானே என்று இவரே போதுமென்று விட்டுவிட்டார்கள்.

“மச்சான், ஆரம்பிக்கலாமா?” என்றார் சரவணக்குமார். உடனே என் பக்கம் திரும்பி, “பெத்தண்ணாச்சி, மச்சான்னு எளுதிராதீக. டாக்டர்னு எளுதுங்க” என்றார்.

டாக்டர் என்று எழுதினேன்.

முதலில் பிராது. சரவணக்குமார் சொன்னார்: “அப்பா ராத்திரி பகலா தனியா உக்காந்து பேசுதாக. ராகு காலம்ங்கிறாக, எமகண்டம்ங்கிறாக. எதுத்தாப்புல ஆளே கெடையாது.”

“காலண்டர் புரூப் படிக்கேன்லே,” என்றார் அண்ணாச்சி. “வாய்விட்டுப் படிச்சாத்தான் தப்பு காதுல விளும்.”

ஹரிபிரசாத் போனைப் பார்த்துக்கொண்டே தன் பங்கைச் சொன்னார். “போன வாரம் வந்திருந்தேன். சாப்பிட்டியாலேன்னு கேட்டாக. பதில் சொன்னேன். அஞ்சு நிமிசத்துல மறுபடியும் சாப்பிட்டியாலேன்னு கேக்காக.”

“நீ என்ன பதில் சொன்ன?” என்றார் அண்ணாச்சி.

“இல்லைன்னு சொன்னேன்.”

“பெறகு? சாப்பிடாத பயலை ரெண்டு தடவை கேக்காம?”

அடுப்படி வாசலில் கற்பகவல்லி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் தொண்டையைச் செருமினார். மருத்துவம் ஆரம்பமானது.

“ஐயா, சிம்பிளா சில கேள்வி. நூறுல ஏழு போனா எவ்வளவு?”

“நூறுல ஏளு போகுதுன்னா மிசின்ல கோளாறு தம்பி. நம்மகிட்ட மூணு தாளுக்கு மேல வேஸ்ட் போகாது.”

“அது சரிங்கய்யா. கணக்கா சொல்லுங்க.”

“கணக்காத்தான் சொல்றேன். ஏளு போச்சுன்னா மிசின்காரனை மாத்தணும்.”

டாக்டர் ‘கணக்கு வரவில்லை’ என்று எழுதிக்கொண்டார். பிறகு கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார். “இது என்ன வருஷம்?”

“இருவத்தாறு.”

“என்ன மாசம்?”

“மே.”

“தேதி?”

“பதினாறு. வைகாசி ரெண்டு. சனிக்கிளமை, அமாவாசை.”

டாக்டரின் முகத்தில் நிம்மதி பரவியது. மதுரையிலிருந்து ஏறி வந்ததற்கு இத்தனை சுளுவாகக் காரியம் முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. “வருஷம், மாசம், தேதி, மூணும் தப்பு,” என்று சரவணக்குமாரிடம் அறிவித்தார்.

ஹரிபிரசாத் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “எங்கன தப்பு? மே பதினாறுதான? காலையில அந்தத் தேதித் தாளுதான மிசின்ல ஏறிச்சு.”

சரவணக்குமார், நடுவிலிருந்த ஓர் ஆள் இடத்தைத் தாண்டிக் கையை நீட்டி, தம்பியின் தொடையில் கிள்ளினார். மூன்று வருடத்தில் அண்ணன் தம்பியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. காலண்டர் அச்சடிக்கிறவனுக்கு நடப்பு வருடம் தையிலேயே செத்துவிடும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். ஆவணியில் அச்சகத்துக்குள் நுழைந்தால் ஆள் பூராவும் அடுத்த வருடத்தில்தான் நடமாடிக்கொண்டிருப்பார்கள். “ஆகஸ்டு பதினைஞ்சு என்ன கிழமை” என்று கேட்டால், போன வாரத்து வெள்ளிக்கிழமை அதே தேதிக்கு வீட்டில் லீவு போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட, “சனி” என்பார்கள். அண்ணாச்சிக்கு இதே பழக்கம் அறுபது வருடம். பட்டாசுக்காரர்களுக்கு இது புரியாது. அவர்களுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வருடம். மாதம், தேதி எல்லாம் லோடு ஏற்றுவதற்காக ஏற்பட்டவை.

இதில் இன்னொரு சங்கடமும் வந்து சேர்ந்தது. டாக்டர் தன் போனை எடுத்துப் பார்த்தார். இன்றைக்கும் சனிக்கிழமை, இன்றைக்கும் அமாவாசை. பாதி விடை சரியாக இருந்தது. பாதி சரியாக இருப்பவரைப் பற்றிப் படிப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்று சற்று யோசித்துவிட்டு, அதை எழுதாமல் விட்டார்.

தன் லெட்டர்பேடில் அவர் எழுதியது: “மேற்படியாருக்குச் சித்த சுவாதீனம் இல்லை. காலம் தெரியவில்லை. கணக்கு வரவில்லை. கடந்த ஆறு மாதமாகவே இந்த நிலை இருந்திருக்கிறது.” கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து சீல் எடுத்து, வாயால் ஊதி அழுத்தினார்.

“டாக்டரே,” என்றார் கற்பகவல்லி. “அத்தான்னு கூப்பிடணும், இன்னைக்கு டாக்டர்னு கூப்பிடச் சொல்லியிருக்காக. ஆறு மாசமா நீங்க இந்தப் படி ஏறலையே, எப்படிக் கண்டுபிடிச்சீக?”

“அது மருத்துவ அனுமானம்மா.”

“அப்ப அடுத்த ஆறு மாசத்துக்கும் சேத்து அனுமானிச்சிருங்க. அடிக்கடி வந்து போற செரமம் இருக்காது.”

“கற்பகம், உள்ள போ,” என்றார் சரவணக்குமார். “ஒனக்குன்னு ரூமு போட்டிருக்கோம்ல?”

“ஜன்னல் இல்லாத ரூமுதான? வெடிமருந்து குடோனுக்குக்கூட அதைவிடக் காத்து வேணும்னு சட்டம் இருக்கே அண்ணே.”

சொல்லிவிட்டார். ஆனால் அவர் பார்வை டாக்டர் மடியிலிருந்த அந்தத் தாளை விட்டு நகரவில்லை. சீல் மை இன்னும் காயாமல் பளபளத்தது.

அண்ணாச்சி ஸ்டூலில் இருந்தபடி மெதுவாகக் கேட்டார். “எளுதியாச்சா தம்பி?”

“ஆச்சுங்கய்யா.”

“சீலும் போட்டாச்சு?”

“போட்டாச்சு.”

“ஆறு மாசமாவே எனக்குப் புத்தி இல்லை?”

“அப்படித்தான் தெரியுது ஐயா. வயசாகும்போது சகஜம். வருத்தப்படாதீங்க.”

“வருத்தம் என்ன தம்பி. நீங்க மயக்க மருந்து, நாங்க வெடிமருந்து. ஒருத்தர் சொன்னா ஒருத்தர் கேட்டுக்கிட வேண்டியதுதான். பெத்தணா, புதுத் தாளு எடு. எம்பேருல ஒரு லெட்டர் போகணும்.”

சரவணக்குமார் என்னைப் பார்த்தார். எழுதலாமா கூடாதா என்று அவர் முகத்தில் உத்தரவு எதுவும் இல்லை. புத்தி இல்லாதவர் என்ன எழுதச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்திருப்பார். நான் தாளை எடுத்தேன்.

அண்ணாச்சி பேசும்போது எப்படிப் பேசினாலும், கடிதம் சொல்ல ஆரம்பித்தால் அச்செழுத்து மாதிரி வரும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வெடிபொருள் லைசென்ஸ் பிரிவு, சூலக்கரை, விருதுநகர். பொருள்: லைசென்ஸ்தாரருக்குப் புத்தி இல்லாமல் போனதைத் தெரிவித்துக்கொள்வது சம்பந்தமாக. ஐயா, நாரணாபுரத்தில் உள்ள எங்கள் பட்டாசு ஆலையின் லைசென்ஸ் என் பெயரில் உள்ளது. எனக்கு ஆறு மாதமாகச் சித்த சுவாதீனம் இல்லை என்று டாக்டர் இன்று எழுதிக் கொடுத்துள்ளார். நகல் இணைத்துள்ளேன். சித்த சுவாதீனம் இல்லாதவர் பெயரில் லைசென்ஸ் இருக்கக் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே தாங்கள் உடனடியாகத் தக்க நடவடிக்கை…”

“அப்பா!” சரவணக்குமார் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார். “சீசன்ப்பா! தீவாளிக்கு ரெண்டு மாசம்கூட முளுசா இல்லை. ஆர்டர் அம்புட்டும் லோடு ஏத்தாமக் கெடக்கு!”

“புத்தி இல்லாதவனுக்குச் சீசன் ஏதுலே?”

“லைசென்ஸை எம்பேருக்கு மாத்தித் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்!”

“நானும் எத்தனை தடவை லைசென்ஸ் பாரத்தை நிரப்பிக் கொண்டாலேன்னு சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் பிளான் போட நேரம் இருந்திருக்கு, அதுக்கு இல்லை. இனிமே புத்தி இல்லாதவன் கையெளுத்துப் போட்டா செல்லுமா என்னன்னு டாக்டரைக் கேட்டுக்க.”

சோபாவின் மறு கோடியில் ஹரிபிரசாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “லெட்டர்ல தப்பு ஒண்ணும் இல்லையே அண்ணே. அப்பா உள்ளதைத்தான சொல்றாக.”

“பெத்தணா,” என்றார் அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே. “அடுத்த தாளு எடு. இது காலண்டர் ஏஜெண்டுகளுக்கு. பொருள்: இருபத்தாறாம் வருடத் தினசரிக் காலண்டர் சம்பந்தமாக. அன்புடையீர், காலண்டர் அட்டையின் பின்புறம் ‘பஞ்சாங்கம் சரிபார்த்தவர் தனுஷ்கோடி’ என்று வழக்கம்போல அச்சிட்டுள்ளோம். மேற்படி தனுஷ்கோடிக்கு ஆறு மாதமாகப் புத்தி இல்லை. ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் அந்த நிலையில் பார்த்துக் கொடுத்தவையே. வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம்.”

ஹரிபிரசாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. “யப்பா, கோயில் ஆர்டரெல்லாம் இருக்குப்பா. இது வெளியில தெரிஞ்சா எவன் நம்ம காலண்டரைப் பாத்துக் கலியாணம் வைப்பான்?”

“அதான், பாவம். தெரியாம வச்சிரக் கூடாதுல்ல?”

பிறகு அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் டாக்டரைப் பார்த்தார்கள்.

“மச்சான், அதைக் கிளிச்சுப் போடுங்க.”

“அதெப்படி மாப்பிள்ளை? சீல் வச்சாச்சு. நான் ஒரு டாக்டர்…”

“மச்சான்!”

இம்முறை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. மச்சான் என்றே எழுதினேன்.

மறுபரிசோதனை என்று முடிவானது. சரவணக்குமார் போய்த் தகப்பனாரின் கையைப் பிடித்து அழைத்து வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் ஸ்டூலுக்கு மாறினார். “அப்பா, இருவத்தஞ்சுன்னு மட்டும் சொல்லிருங்க,” என்று காதோரம் கெஞ்சினார் ஹரிபிரசாத்.

“ஐயா, இது என்ன வருஷம்?”

“இருவத்தாறு.”

“அப்பா!”

“என்னலே அப்பா? மண்டை பூரா மே மாசத்தை வச்சுக்கிட்டு, வாயில மட்டும் ஆகஸ்டுன்னு வரச் சொன்னா எப்படி வரும்? அவரு வெளியில ஓடுற வருசத்தைக் கேக்காரா, உள்ள ஓடுற வருசத்தைக் கேக்காரான்னு முதல்ல கேட்டுச் சொல்லு.”

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மருத்துவம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. விடையை மாற்ற முடியாத இடத்தில் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். “ஐயா, இப்ப நீங்க எந்த வருஷத்துக் காலண்டர் அடிச்சிட்டிருக்கீங்க?”

“இருவத்தாறு.”

“கரெக்ட்!” என்று துள்ளினார். “காலம் நல்லாத் தெரியுது.”

நூறில் ஏழும் அதேபோல் தேறியது. நல்ல மிஷினில் நூறுக்கு எத்தனை தாள் வீணாகும் என்று கேட்டார். மூன்று என்றார் அண்ணாச்சி. கணக்குப் பிரமாதம் என்று எழுதப்பட்டது.

கற்பகவல்லி அப்போதுதான் நிலையை விட்டுக் கூடத்துக்குள் ஓர் எட்டு வந்தார். “இந்த வெளையாட்டு எதுக்கு டாக்டரே? நாளைக்கு யாராச்சும் ஒருத்தர் இந்தத் தாளைக் காட்டிச் சிரிப்பாக. பதிவு ஆபீசுல கேட்டதைக் கேளுங்க. தனக்கு என்ன இருக்குன்னு தெரியுமா? தனக்கு யாரு இருக்கான்னு தெரியுமா? எதை யாருக்குக் குடுக்கோம்னு தெரியுமா? அம்புட்டுத்தான்.”

டாக்டர் அந்த மூன்றையும் கேட்டார். அன்று காலை அவர் கேட்ட நல்ல கேள்விகள் அவைதான்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆலை இருக்கு. அது மூத்தவனுக்கு. எடுத்ததுக்கெல்லாம் சத்தம் போடுவான், அந்தத் தொளிலுக்குப் பொருத்தம்தான். அச்சகம் இருக்கு. அது எளையவனுக்கு. தான் அடிச்சதைத் தானே படிக்க மாட்டான், எனக்குப் பெறகு புரூப்புக்கு ஆளு வச்சுக்கிடணும். வீடு இருக்கு. அது பொன்னுத்தங்கத்துக்கு.”

பொன்னுத்தங்கம் அண்ணாச்சியின் மனைவி. இறந்து ஒன்பது வருடமாகிறது.

கற்பகவல்லியின் உதடு அசைந்தது. எடுத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் அண்ணன்மார் தேங்காய் உடைத்திருப்பார்கள்.

“செல்லப் பேரு!” என்றார் சரவணக்குமார் அவசரமாக. “கற்பகத்தை அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாக. சின்னப் புள்ளையில இருந்தே.”

“ஆமா ஆமா,” என்றார் ஹரிபிரசாத். “நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்.”

அப்படி ஒரு செல்லப் பெயர் தனக்கு உண்டு என்பது கற்பகவல்லிக்கு அன்றுதான் தெரிந்தது.

“முடிக்க விடுங்கலே,” என்றார் அண்ணாச்சி. “பொன்னுத்தங்கத்துக்குச் சேர வேண்டிய வீடு. அவ நகையை வித்துக் கட்டுனது. அவ இல்லை. அதனால கற்பகத்துக்கு. ஒரு சொல்லு சொல்லி மூச்சு வாங்குறதுக்குள்ள ஆளாளுக்குக் கத்துறீக.”

முதலிலேயே அப்படித்தான் சொல்ல வந்தாரா, மகன்கள் முந்திக்கொண்டு கத்திய நேரத்தில் தடுமாற்றத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. தாளில் இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் வந்தது. கற்பகவல்லி சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு திரும்பி, “டாக்டரே, ஆடி மாசத்தையும் சேத்து எளுதுங்க,” என்றார். “பின்னால போறது ஒங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே.”

இரண்டாவது சர்டிபிகேட் இப்படி அமைந்தது: மேற்படியார் தன் சொத்தையும் தன் மக்களையும் எதை யாருக்குக் கொடுக்கிறார் என்பதையும் தெளிவாக அறிந்திருக்கிறார், உயில் எழுதிய ஆடி மாதத்திலும் இதே தெளிவோடு இருந்தார், சித்த சுவாதீனத்தில் எந்தக் குறையும் இல்லை. கீழே சாட்சிகள் என்று எழுதச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி தன் மகன்கள் இருவரையும் பார்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் போடுவது என்று இங்கேயும் ஒரு சின்னத் தகராறு வந்தது. வயது வரிசைப்படி தீர்ந்தது. முதல் சர்டிபிகேட்டைச் சரவணக்குமார் தன் கையாலேயே எட்டாகக் கிழித்தார்.

“அந்த ரெண்டு லெட்டரையும் குடுத்திருங்கப்பா.”

“இந்தச் சர்டிபிகேட்டு விருதுநகருக்கு, உயிலு எளுதுன வக்கீலுக்குப் போகணும். போய்ச் சேந்துட்டுன்னு தெரியட்டும். அதுவரைக்கும் அது ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும்.”

முகவரி எழுதி, சர்டிபிகேட்டையும் கூட்டக் குறிப்பின் நல்ல படியையும் உள்ளே வைத்தேன். ஒட்டுவதற்குள் சரவணக்குமார் கவரைப் பிடுங்கி, பசையைத் தானே தடவி, நான்கு ஓரமும் அழுத்தி, அதன்மேல் செலோ டேப்பையும் சுற்றினார். சனிக்கிழமை, தபால் ஆபீஸ் சீக்கிரம் மூடிவிடுமே என்ற பயத்தில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஆலைக்காரர் வரிசையில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். முன்னால் ஓர் அம்மாள் மகளுக்கு முறுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருக்க, அவர் கவரை நெஞ்சோடு அணைத்தபடி காத்திருந்தார்.

கவுண்டரில் இருந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். “இம்புட்டு டேப்பு சுத்தியிருக்கீக. உள்ள என்ன?”

“சர்டிபிகேட்டு.”

“என்ன சர்டிபிகேட்டு?”

“எங்கப்பாவுக்குப் புத்தி நல்லாருக்குன்னு,” என்றார் சரவணக்குமார். “சீக்கிரம் அனுப்புங்க சார், அவசரம்.”

கவுண்டர்க்காரர் எடை போட்டார், பார்கோடு ஒட்டினார், முத்திரை குத்தினார், விருதுநகர்ப் பைக்குள் போட்டார்.